தொலைந்த பிள்ளைகளின் கல்

டோக்கியோவில் ஜப்பான் மத்திய வங்கியின் பழைய கட்டடத்துக்குச் சற்றுத் தள்ளி இக்கொக்கு என்றொரு பாலம் இருக்கிறது. அதைப் பார்க்கவென்று யாரும் வருவதில்லை. கீழே நிஹோன்பாஷி ஆறு, தலைக்கு மேலே விரைவுச் சாலை. அந்த நிழலில், பாலத்தின் ஒரு முனையில் ஆளுயரக் கல் ஒன்று நிற்கிறது. 1857-இல் நட்டது. வழி தவறிய பிள்ளைக்கு இது அடையாளம் என்ற பொருளில் முகப்பில் எழுதியிருக்கிறார்கள். பக்கவாட்டில் ஒருபுறம் ‘தேடுபவர்’ என்றும் மறுபுறம் ‘தெரிவிப்பவர்’ என்றும் வெட்டியிருக்கிறது. இரண்டு புறமும் காகிதம் ஒட்டுவதற்குச் சின்னக் குழிவு உண்டு.

பிள்ளையைத் தவறவிட்டவர் அதன் வயது, உடுப்பு, மச்சம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தேடுபவர் பக்கம் ஒட்டிவிட்டுப் போவார். எங்கோ அழுதுகொண்டு நின்ற பிள்ளையைக் கூட்டிப் போய்ச் சோறு போட்டு வைத்திருப்பவர், அதன் அடையாளங்களை எழுதி மறுபக்கம் ஒட்டுவார். வருகிறவர் போகிறவர் இரண்டையும் படிப்பார்கள். யாராவது ஒருவருக்குப் பொறி தட்டும். ஜப்பானில் தந்திச் சேவையே தொடங்கியிராத காலத்தில், பத்து லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் பிள்ளையைத் தேட இருந்த ஏற்பாடு இது.

என் அலுவலகம் பக்கத்து ஓத்தெமாச்சியில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்து போய் வருகிற தூரம்தான். முன்பெல்லாம் அந்தக் கல்லைக் கடந்து போவேனே தவிர நின்று பார்த்ததில்லை. மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஏப்ரலுக்குப் பிறகு பார்க்க ஆரம்பித்தேன். இந்த ஊரில் ஆறு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் தானே நடந்து போகும். தானே திரும்பி வரும். நாங்கள் இருக்கும் நிஷி-கசாய், 2000-ஐ ஒட்டிக் கணினி வேலைக்கு வந்த இந்தியர்கள் சேர்ந்து சேர்ந்து, கறிவேப்பிலையும் உளுந்தும் தட்டில்லாமல் கிடைக்கிற பேட்டை ஆகிவிட்டது. அங்கும் அதே வழக்கம்தான். முதுகுப் பையில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வில்லையைப் போட்டு அனுப்புகிறோம். அது எங்கே இருக்கிறது என்று என் கைபேசி வரைபடத்தில் ஒரு புள்ளி சொல்லும். மாதம் ஐந்நூறு யென் சொச்சம்.

பாளையங்கோட்டையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். “ஏட்டி, மாட்டுக்கு மணி கெட்டுத மாதிரி பிள்ளைக்கு என்னத்தையோ கெட்டி உட்டுருக்கியாம்லா?”

“காணாமப் போனா கண்டுபிடிக்கத்தாம்மா.”

“மணின்னா தெருவுல உள்ள எல்லாருக்கும் கேக்கும். இது யாருக்குக் கேக்கும்?”

கேலியாகத்தான் கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி விடவில்லை. பிள்ளைகளின் உடம்பில் இந்த ஊர் காலம் காலமாக எதையெல்லாம் கட்டி அனுப்பியது, அது யாரிடம் பேசியது என்று தேடிப் பார்த்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

முதலில் கட்டியது தெய்வத்துக்காக. பெரியவர்கள் உடுத்தும் கிமோனோவில் முதுகு நடுவே ஒரு தையல் ஓடும். கைக்குழந்தையின் கிமோனோ ஒரே அகலத் துணியில் ஆனது. அந்தத் தையல் இருக்காது. காவலில்லாத அந்த முதுகு வழியாகத் தீயது உள்ளே நுழைந்துவிடும் என்று பயந்த தாய்மார்கள் அங்கே வண்ண நூலில் சில தையல்கள் போட்டார்கள். அதற்கு ‘செமாமோரி’ என்று பெயர். நூலின் நுனியை வெட்டாமல் நீளமாகத் தொங்க விடுவதும் உண்டு. பிள்ளை அடுப்புக் குழியில் தவறி விழுந்தால் தெய்வம் அந்த நூலைப் பிடித்துத் தூக்கிவிடுமாம். நம் சங்கப் பாட்டுகளில் வரும் சிறுவர்களின் கழுத்தில் கிடந்த தாலியும், பிறகு திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்று கோத்துப் போட்ட ஐம்படைத்தாலியும் இந்த வகைதான். மனிதர்கள் படிப்பதற்காக அவற்றில் எதுவும் இல்லை.

மனிதர்கள் படிப்பதற்கென்று எடோவில் வந்தது ‘மைகோ-ஃபுதா’. எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர். தொலைந்த பிள்ளைக்கான வில்லை அது. மரத்திலோ பித்தளையிலோ செய்து, பிள்ளையின் இடுப்புக் கச்சையிலோ சுருக்குப் பையிலோ தொங்கவிடுவார்கள். ஒரு பக்கம் பிள்ளை பிறந்த ஆண்டுக்குரிய விலங்கு: எலி, புலி, முயல், குதிரை என்று பன்னிரண்டில் ஒன்று. மறுபக்கம் பேட்டையின் பெயர், வீட்டுக்காரர் பெயர், தகப்பன் பெயர், பிள்ளையின் பெயர். எடோவின் சாதாரண சனங்கள் வரிசை வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள். அதனால் ‘இன்ன பேட்டை, இன்னார் வளவு, இன்னார் மகன்’ என்பதுதான் முகவரி. திருநெல்வேலி வளவு வீடுகளில் வளர்ந்த எனக்கு இதை விளங்கிக்கொள்ள அகராதி தேவைப்படவில்லை. வசதி உள்ளவர்கள் கைதேர்ந்த கொல்லர்களிடம் கொடுத்து விலங்கை அழகாகப் புடைக்கச் செய்து மாட்டினார்கள். இன்று அவற்றைக் கலைப்பொருளாகச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வில்லை கண்டுபிடிக்காது. அதற்குக் கால் இல்லை, குரல் இல்லை. யாரோ முன்பின் தெரியாத ஓர் ஆள் குனிந்து, அதைத் திருப்பிப் படித்து, பிள்ளையின் கையைப் பிடித்து நடந்தால்தான் அது வேலை செய்யும். பிள்ளையைப் பெற்றவர்கள் அந்தத் தெரியாத ஆளை நம்பித்தான் அதை மாட்டினார்கள்.

நம்பிக்கை ஆகாயத்தில் தொங்கவில்லை. கீழே ஒரு விதி இருந்தது. ஒரு பேட்டையில் தொலைந்த பிள்ளை கிடைத்தால் அதைக் காப்பாற்றுவது அந்தப் பேட்டையின் பொறுப்பு. பேட்டைக்காரர்களே முறை வைத்து நடத்திய காவல் சாவடிக்குப் பிள்ளையைக் கொண்டுவருவார்கள். சோறு, துணி, மருந்து எல்லாம் பேட்டைக் கணக்கில். உரியவர் வராவிட்டால் வளர்க்கவோ, தத்தெடுக்க ஆள் பார்க்கவோ வேண்டியதும் அவர்கள்தான். ஷிபாகுச்சி என்ற இடத்தில் தொலைந்த பிள்ளைகளைப் பற்றித் தகவல் எழுதி வைக்கும் பலகை ஒன்றை, ஷோகுன் என்ற இராணுவ ஆட்சியாளரின் அரசு 18-ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்தியது. ஆனால் ஊர் பெரிது, பலகை ஒன்று. சந்தையும் திருவிழாவும் ஓயாத நிஹோன்பாஷிப் பக்கத்தில் பிள்ளைகள் அடிக்கடி தொலைந்தார்கள். பேட்டைக்குச் செலவும் ஏறியது. கடைசியில் அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள் முன்னின்று நட்டதுதான் இக்கொக்கு பாலத்துக் கல். கருணையும் உண்டு, கணக்கும் உண்டு. கணக்கு இருந்ததால்தான் கருணை நிலைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

கல் வருவதற்கு முன்னும் பின்னும், இரவில் பிள்ளையைக் காணோம் என்றால் அக்கம்பக்கத்து ஆண்கள் விளக்கைத் தூக்கிக்கொண்டு, சேகண்டியும் மேளமும் அடித்து, பெயர் சொல்லிக் கூவிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார்கள். நீள மூக்குள்ள தெங்கு என்ற பூதம் பிள்ளையைத் தூக்கிப் போயிருக்கும், சத்தம் கேட்டால் விட்டுவிடும் என்று நம்பினார்கள். பூதம் கேட்டதோ இல்லையோ, ஊர் முழுக்கக் கேட்டது. தேடல் என்பது அன்று பகிரங்கமான காரியம்.

இந்த மாதிரிக் கற்கள் பல இடங்களில் நின்றன. யுஷிமா தென்ஜின் கோயிலில் 1850-இல் வைத்த கல் இன்றும் இருக்கிறது. அசாகுசாவின் சென்சோஜி கோயிலில் 1860-இல் ஒன்றை நட்டார்கள். 1855 நிலநடுக்கத்தில் பல ஆயிரம் பேர் செத்த துயரம் ஆறாத காலம் அது. அந்தக் கல் 1945 குண்டுவீச்சில் விழுந்தது; 1957-இல் மறுபடி எழுப்பினார்கள். கியோத்தோவின் செய்கன்ஜி கோயில் வாசலில் உள்ளது 1882-ஐச் சேர்ந்தது. அதிலும் ஒரு பக்கம் தேடுபவருக்கு, ஒரு பக்கம் சொல்பவருக்கு.

1868-இல் எடோ டோக்கியோ ஆனது. 1874-இல் மாநகரக் காவல்துறை வந்தது. தெருமுனைக் காவல் பெட்டிகள் வந்தன. பேட்டையின் பொறுப்பு சீருடைக்காரர் கைக்குப் போனது. ‘நாய்ப் போலீஸ்காரர்’ என்று 1960-இல் வந்த குழந்தைப் பாட்டு இங்கே எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம். வழி தவறிய பூனைக்குட்டிக்குத் தன் வீடும் தெரியாது, பெயரும் தெரியாது. விசாரிக்கிற நாய்ப் போலீஸ்காரருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இடுப்பில் வில்லை இல்லாத காலத்துப் பாட்டு என்று நினைத்துக்கொள்வேன்.

பெரும் அழிவு வந்தபோதெல்லாம் பழைய வழி தானாகத் திரும்பியது. 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்திலும் தீயிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தப்பியவர்கள் உயேனோ பூங்காவில் கூடினார்கள். அங்கே நாயுடன் நிற்கும் சாமுராய்த் தலைவர் சைகோ தகமோரியின் வெண்கலச் சிலை, காணாமல் போனவர்களைத் தேடும் காகிதங்களால் மூடிப்போனது. யாரும் ஆணையிடவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடம் வேண்டும், அங்கே முன்பின் தெரியாதவர்கள் வந்து படிக்க வேண்டும் என்பது இந்த ஊரின் கைப்பழக்கமாக இருந்திருக்கிறது.

போர்க்காலத்தில் பிள்ளைகளின் மார்பில் துணிச்சீட்டு தைத்தார்கள்: பெயர், முகவரி, இரத்த வகை. 1945 மார்ச் 10 இரவுக் குண்டுவீச்சில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் போனார்கள். சீட்டில் எழுதியிருந்த முகவரிகளும் எரிந்துபோயின. பிள்ளை இருந்தது, திரும்பிப் போக வீடு இல்லை. 1948-இல் அரசு எடுத்த கணக்கில் ஆதரவற்ற சிறுவர்கள் 1,23,511 பேர். 1946 முதல் 1962 வரை என்எச்கே வானொலி ‘தேடப்படுகிறவர்’ நிகழ்ச்சியில் பெயர்களை வாசித்துக்கொண்டே இருந்தது. கல்லில் ஒட்டிய தாளைக் காற்றில் ஏற்றிய ஏற்பாடு என்று அதைச் சொல்லலாம். யாராவது கேட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்பது அதிலும் மாறவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஆபத்து சக்கரத்தில் வந்தது. 1970-இல் சாலை விபத்துகளில் 16,765 பேர் இறந்தார்கள். ஜப்பான் வரலாற்றில் அதுவே உச்சம். பிள்ளைகளுக்கு மஞ்சள் தொப்பி வந்தது. 1965-இல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மஞ்சள் அடையாளம் கொடுக்கிற வழக்கத்தை அன்றைய ஃபூஜி வங்கி தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது. என் மகள் கையிலும் ஒன்று இருக்கிறது. மஞ்சள் நிறம் யாரிடம் பேசுகிறது? வண்டி ஓட்டுகிற, பெயர் தெரியாத ஆளிடம். ‘இது சின்னப் பிள்ளை, மெதுவாகப் போ’ என்கிறது. அதுவரைக்கும் தெரியாத ஆள் கூட்டாளிதான்.

எதிரியாக அவன் மாறிய காலம் 2000-க்குப் பிறகு. 2001 ஜூன் 8-இல் ஒசாகாவின் இகேதா தொடக்கப் பள்ளிக்குள் கத்தியோடு புகுந்தவன் எட்டுப் பிள்ளைகளைக் கொன்றான். 2004 நவம்பரில் நாராவில் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய ஒன்றாம் வகுப்புச் சிறுமி கடத்திக் கொல்லப்பட்டாள். அவளிடம் கைபேசி இருந்தது. அந்தக் கைபேசியிலிருந்தே கொலைகாரன் தாய்க்குப் படம் அனுப்பினான். காவலுக்குக் கொடுத்த கருவி யார் கைக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று நாடே பார்த்தது. ஆனாலும் மக்கள் கருவியை விடவில்லை. இன்னும் நல்ல கருவி கேட்டார்கள்.

பிள்ளைகளின் பெயர் மறைந்தது அந்தக் காலத்தில்தான். முன்பு மார்பில் பெயர் குத்திக்கொண்டு தெருவில் நடந்தவர்கள், இப்போது பல பள்ளிகளில் பெயர்ச்சீட்டைப் பள்ளியிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறார்கள். திருப்பிவிட்டால் பெயர் தெரியாத சீட்டும் விற்கிறது. எவனோ பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை நம்பிப் போய்விடும் என்ற பயம். இருநூறு ஆண்டுக்கு முன் பித்தளையில் வெட்டி இடுப்பில் மாட்டிய அதே பெயர்.

விண்கோள் வழி இடமறியும் ஜிபிஎஸ் அமெரிக்க இராணுவத்துக்காகப் பிறந்தது. 1983-இல் கொரிய விமானம் வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்த பிறகு, அதைப் பொதுமக்களுக்கும் திறந்துவிடுவோம் என்று ரீகன் அரசு அறிவித்தது. ஆனால் பொதுமக்களுக்குக் கிடைத்த அளவீட்டில் வேண்டுமென்றே நூறு மீட்டர் வரை பிழை கலந்திருந்தார்கள். 2000 மே 2-இல் அந்தப் பிழையை நீக்கினார்கள். அடுத்த ஆண்டே ஜப்பானின் செக்கோம் காவல் நிறுவனம் ‘கோகோ-செக்கோம்’ என்ற சிறு கருவியைச் சந்தைக்கு விட்டது. பிள்ளையின் பையிலும், நினைவு தடுமாறும் முதியவர் சட்டையிலும், மோட்டார் சைக்கிளிலும் அதை வைக்கலாம். பெற்றவர் கேட்டால் அந்த நிறுவனத்தின் காவலாளி ஒருவர் அந்த இடத்துக்கே போய்ப் பார்ப்பார். அதற்குத் தனிக் கட்டணம். எடோவில் பேட்டைக்காரர் செய்த வேலை விலைப்பட்டியலுக்கு வந்தது. 2004-இல் டோக்கியோவின் ரிக்கியோ தொடக்கப் பள்ளியில் முதுகுப் பைகளில் மின்னணுச் சில்லு வைத்து, பிள்ளை வாசலைக் கடந்த நேரத்தைப் பெற்றவருக்குத் தெரிவித்துப் பார்த்தார்கள். 2006-இல் டொகொமோ நிறுவனம் சிறுவர் கைபேசி ஒன்றை வெளியிட்டது. அதில் ஒரு கயிறு தொங்கும். இழுத்தால் அலறும், கூடவே இருக்கும் இடத்தைப் பெற்றவருக்கு அனுப்பும். யாராவது அதை அணைத்தாலும் தானே உயிர்பெற்று மறுபடி அனுப்பும். நாரா நிகழ்ச்சியின் பாடம் அந்தப் பொறியமைப்பிலேயே தெரிகிறது.

கருவிகள் நல்லவை. என் மகளிடம் இருப்பதும் நல்லதுதான். அடுக்குமாடிகளில் அலை பட்டுத் திரும்பும் நாளில் அவளை அரக்கவா ஆற்றின் நடுவே நிறுத்திவிடும், அதற்கும் பழகிவிட்டேன். ஆனால் அம்மா கேட்டதற்கு இப்போது பதில் தெரியும். இந்த மணி எனக்கு மட்டும்தான் கேட்கிறது. தெருவில் போகும் எவருக்கும் அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. தேடுபவர் பக்கம் மிகத் துல்லியமாக வளர்ந்திருக்கிறது. தெரிவிப்பவர் பக்கம் வெறிச்சென்று கிடக்கிறது.

அதன் விளைவும் கண்ணுக்குத் தெரிகிறது. அறிமுகமில்லாத ஆண் ஒருவன் ஒரு பிள்ளையிடம் பெயர் கேட்டான் என்றாலே காவல்துறையின் எச்சரிக்கை மின்னஞ்சல் வரும். 2016-இல் கோபே நகர நாளிதழில் ஒரு வாசகர் கடிதம் வந்து நாடெங்கும் பேசப்பட்டது. தெரியாதவர் வணக்கம் சொன்னால் ஓடிவிடு என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம், அதனால் எங்கள் குடியிருப்பில் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதையே நிறுத்திவிடலாம் என்று பெற்றோர் கேட்டு, அப்படியே முடிவானதாம். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிள்ளை அழுதுகொண்டு நின்றால் யார் குனிந்து கேட்பார்?

எதிர்த் திசையில் நடப்பவர்களும் இருக்கிறார்கள். 1996-இல் கிஃபு மாநிலத்தின் கானி நகரில் ‘சிறுவர் 110 வீடு’ என்ற ஏற்பாடு தொடங்கியது. 110 இங்கே காவல்துறையின் தொலைபேசி எண். பயந்த பிள்ளை ஓடி வந்து நுழையலாம் என்று கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் வாசலில் அடையாளம் ஒட்டி வைக்கிறார்கள். இன்று நாடு முழுக்க உண்டு. போன மழைக்காலத்தில் ஒரு நாள் மகளின் புள்ளி பாதி வழியில் நின்று நகரவில்லை. நான் பதறி அழைப்பதற்குள் எனக்கே அழைப்பு வந்தது. மகள் வழுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாளாம். சலவைக் கடைப் பாட்டியம்மா உள்ளே உட்காரவைத்து மருந்து போட்டிருக்கிறார். கடை வாசலில் அந்த அடையாளம் இருந்தது. பையின் உள்பக்கம் நான் எழுதி வைத்த எண்ணைப் பார்த்து அழைத்தார். எங்கே என்று கருவி சொன்னது. என்ன ஆயிற்று என்று அந்த அம்மாள் சொன்னார்.

பெற்றோர் சங்க முறை வரும் காலைகளில் மஞ்சள் கொடியோடு சாலைக் கடப்பில் நிற்கிறேன். என்னோடு பச்சைச் சட்டை போட்ட ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நிற்பார். கடக்கிற பிள்ளைகளில் யாருக்குத் தம்பி பிறந்திருக்கிறான், யாருக்குப் பல் விழுந்தது என்பது வரை அவருக்குத் தெரியும். எந்தப் பிள்ளை வரவில்லை என்பதை முதலில் கவனிக்கிறவரும் அவர்தான். அவருக்குச் சம்பளம் இல்லை.

இதே கருவிகள் இப்போது சென்னையிலும் கோவையிலும் கைக்கடிகாரமாக விற்கின்றன. வாங்குவோர் வாங்கட்டும், நானும் வாங்கியவள்தான். அதோடு மூன்று காரியம் செய்யுங்கள். பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள கடைக்காரர் இரண்டு பேரிடமாவது பிள்ளையை அறிமுகப்படுத்துங்கள். பையின் உள்பக்கம், வெளியே தெரியாதபடி, உங்கள் எண்ணை எழுதி வையுங்கள். திருவிழாவிலோ பேருந்து நிலையத்திலோ யார் பிள்ளையாவது தனியே நின்று விழித்தால், நமக்கேன் வம்பு என்று நகராமல் நின்று கேளுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். உங்கள் பிள்ளை தொலைந்த நாளில் அதன் எதிரே நிற்கப் போவது உங்களைப் போன்ற ஒரு தெரியாத ஆள்தான்.